உதயகிரிக் கோட்டையில் சொல்லப்பட்ட கதை

குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை இந்தக் கரையில் முறியடித்ததன் நினைவுச் சின்னம். வெற்றியைக் கொண்டாட எழுப்பிய தூணின் கீழே நின்று நான் அன்று தோற்றவர்களில் ஒருவரை நினைத்துக்கொண்டிருந்தேன். யூஸ்டாக்கியுஸ் டி லனாய் என்பது அவர் பெயர். கத்தோலிக்கர். கம்பெனிப் படையின் அதிகாரியாக வந்திறங்கி, மன்னரின் கைதியாக உள்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவர் தோற்காமல் கப்பலேறிப் போயிருந்தால், நட்டாலம் நீலகண்ட பிள்ளை வேதாகமத்து யோபுவின் கதையைக் கேட்டிருக்க மாட்டார். கேட்டிராவிட்டால், அவர் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆகியிருக்க மாட்டார்; 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அறிவிக்கப்பட்ட அந்தப் புனிதர் நமக்கு இல்லை.

ஒரு மனிதரின் விசுவாசம் எந்த இடத்தில் வேர் பிடித்தது என்று தேடிக்கொண்டு போகும் பயணம் இது. நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்த சபையில் வளர்ந்தவன். புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கூட வந்த நண்பர் நாகர்கோவில்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கோட்டாறு பங்கைச் சேர்ந்தவர். காரை அவர்தான் ஓட்டினார். "நீங்க யோபுவைத் தேடி வாறீங்க, நான் தேவசகாயத்தைக் காட்டுதேன், ரெண்டும் ஒரே வழிதான்" என்றார்.

வழி முதலில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் இடம். மந்திரசாலையின் தரையை எல்லோரும் குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியதாகச் சொல்லப்படும் அந்தக் கருந்தரையில் இன்றும் முகம் தெரிகிறது. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் வளர்ந்து, படித்து, ஊழியத்துக்கு வந்து சேர்ந்தது இந்த அரண்மனைக்குத்தான். கோயில் காரியம், கருவூலம், கோட்டைக் கட்டுமானக் கணக்கு என்று மன்னருக்கு நெருக்கமான பொறுப்புகள். நிலம் உண்டு, மாடு உண்டு, மேக்கோட்டில் பெண் எடுத்த நல்ல இடத்துச் சம்பந்தம் உண்டு.

மன்னர் 1750 ஜனவரியில் தம் நாட்டையே பத்மநாப சுவாமியின் காலடியில் ஒப்படைத்து, தெய்வத்தின் தாசனாக நின்று ஆண்டார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அந்த ஜனவரியில் தேவசகாயம் விலங்கிடப்பட்ட கைதி. இரண்டு ஆண்டு கழித்து அவர் கொல்லப்பட்டது மதம் மாறியதற்காகவா, அரசத் துரோகம் என்ற குற்றச்சாட்டினாலா என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுவதை வாசித்திருக்கிறேன். மந்திரசாலையின் மரச்சட்டங்களுக்குள் விழும் அரை வெளிச்சத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது, அந்தக் காலத்தில் அவை இரண்டும் தனித்தனிக் கேள்விகளாக இருந்திருக்க முடியாது என்பதுதான். நாடே இறைவனின் உடைமை என்கிற இடத்தில் அரண்மனை ஊழியர் வேறொரு பீடத்தின் முன் முழங்காலிட்டால், அதை மன்னர் தம் மேல் வந்த அடியாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

அங்கிருந்து புலியூர்க்குறிச்சி பக்கம்தான். உதயகிரிக் கோட்டையின் கருங்கல் மதில் நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது. உள்ளே ஒரு குன்று, மரங்கள், வனத்துறை நடத்தும் உயிரினப் பூங்கா. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் மான்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய கோட்டையைப் புதுப்பித்து உறுதியாக்கும் வேலை கைதியான டி லனாயிடம் ஒப்படைக்கப்பட்டது. மன்னர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கச் சொன்னார். நாளடைவில் கைதி தளபதியானார். வலிய கப்பித்தான் என்று மக்கள் அழைத்தார்கள். கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலைக்களம் இருந்தது.

அந்த உலைக்களத்தைப் பற்றி நண்பர் சொன்னபோது என் நினைவில் யோபு புத்தகத்தின் 28ஆம் அதிகாரம் எழுந்து நின்றது. மனிதன் மலையை வேரோடு புரட்டுகிறான்; இருட்டுக்கு எல்லை கட்டி, வழிப்போக்கர் காலே படாத ஆழத்தில் கயிற்றில் தொங்கி, வெள்ளியும் இரும்பும் எடுக்கிறான்; கல்லை உருக்கிச் செம்பாக்குகிறான். இவ்வளவு தெரிந்தவனுக்கு ஞானம் எங்கே விளைகிறது என்று மட்டும் தெரியவில்லை. ஆழ்கடல் என்னிடம் இல்லை என்கிறது. சாவு அதைப் பற்றிக் கேள்விப்பட்டதாக மட்டும் சொல்கிறது. வேதாகமத்தில் இதற்கு இணையான பாட்டு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. டி லனாய் இந்தப் பகுதியைச் சொன்னாரா என்பது கதையில் இல்லை. ஆனால் உலோகம் உருக்குகிற இடத்தில் வேலை பார்த்த இரண்டு மனிதர்கள் யோபுவைப் பற்றிப் பேசினார்கள் என்பது எனக்குப் பெரிய காரியமாக இருக்கிறது.

நடந்தது இதுதான் என்று குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். நீலகண்ட பிள்ளையின் மாடுகள் செத்தன. பயிர் கருகியது. சொத்து கைவிட்டுப் போனது. செய்ய வேண்டிய பூசைகளையெல்லாம் செய்தும் இழப்பு நிற்கவில்லை. முகம் வாடி வேலைக்கு வந்தவரை டி லனாய் கவனித்து, என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டு யோபுவின் கதையைச் சொன்னார்.

அந்தக் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 7000 ஆடுகள், 3000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள், பத்துப் பிள்ளைகள். எல்லாம் ஒரே நாளில் போகின்றன. பிறகு உடம்பில் புண். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். எட்டாம் நாள் வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டுப்போகிறது. நீ ஏதோ செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் கடவுள் ஏன் அடிப்பார் என்கிறார்கள். எலிப்பாஸ் நயமாகச் சொல்கிறான், பில்தாத் நேராகவே சொல்கிறான், சோப்பார் கடுகடுக்கிறான். யோபு ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளிடமே வழக்காடுகிறார். கடைசியில் பெருங்காற்றுக்குள்ளிருந்து கடவுள் பேசுகிறார், ஒட்டகம் ஏன் போனது, பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. பூமிக்கு அஸ்திவாரம் போட்ட நாளைப் பற்றிக் கேட்கிறார். பனியின் களஞ்சியத்தைப் பற்றி, மலையாடு ஈனும் காலத்தைப் பற்றி, தன் முட்டையை மண்ணில் மறந்துவிட்டுப் போகிற தீக்கோழியைப் பற்றிக் கேட்கிறார். யோபு அடங்குகிறார். இதுவரை காதால் கேட்டிருந்தவரை இப்போது கண்ணால் கண்டேன் என்ற பொருளில் பதில் சொல்கிறார். அதற்கு மேல் கடவுள் செய்வதுதான் வியப்பு. தமக்காகப் பரிந்து பேசிய மூன்று நண்பர்களைக் கடிந்துகொண்டு, தம்மோடு வழக்காடிய யோபு சரியாகப் பேசினார் என்கிறார்.

டி லனாய் நினைத்திருந்தால் எலிப்பாஸாக ஆகியிருக்கலாம். உன் தெய்வங்கள் உன்னைக் காப்பாற்றவில்லை, என் தெய்வத்திடம் வா, மாடுகள் திரும்பி வரும் என்று பேரம் பேசியிருக்கலாம். மதத்தின் பேரால் அப்படிப்பட்ட பேரங்கள் எல்லாக் காலத்திலும் நடந்திருக்கின்றன. இன்றைக்கும் சில மேடைகளில் ஒலிபெருக்கி வைத்து நடக்கின்றன. அவர் சொன்னதோ, நல்லவன் காரணமில்லாமல் அடிபட்டான், காரணம் அவனுக்குக் கடைசிவரை சொல்லப்படவும் இல்லை என்கிற கதை. நஷ்டத்தில் இருப்பவரிடம் சொல்லத் துணிச்சல் வேண்டிய கதை. தானும் தன் நாடு, சேனை, விடுதலை எல்லாவற்றையும் இழந்தவராக இருந்ததால்தான் டி லனாயால் அதைச் சொல்ல முடிந்தது என்று நம்புகிறேன். நீலகண்டனுக்குள் அந்தக் கதை ஒரு கதவைத் திறந்தது. என் இழப்பு என் பாவத்தின் கூலி என்கிற பாரம் அங்கே இறங்கியிருக்க வேண்டும்.

என் தம்பி இளவயதில் இறந்தபோது எங்கள் வீட்டு முற்றத்திலும் காரணங்கள் சொல்லப்பட்டன. ஆண்டவருக்குப் பிரியமானவர்களை அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றார்கள். குடும்ப ஜெபத்தில் குறை வைத்திருப்பீர்கள் என்று ஒருவர் அம்மாவின் காதுபடச் சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் நான் யோபுவை முதல் அதிகாரத்திலிருந்து 42ஆம் அதிகாரம் வரை ஒரே மூச்சில் வாசித்தேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் எனக்குக் கிடைத்திருந்தது முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும்தான்: பொறுமை காத்தார், இரட்டிப்பாகப் பெற்றார். நடுவில் இருக்கும் கோபத்தை யாரும் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கவில்லை. என் விசுவாசம் பிழைத்தது அந்த நடுப்பகுதியால். உதயகிரிக்கு நான் வர ஆசைப்பட்டதும் அதனால்தான்.

கோட்டைக்குள் கூரை இடிந்த ஒரு சிற்றாலயம் இருக்கிறது. சுவர்கள் நிற்கின்றன, மேலே வானம். டி லனாயின் கல்லறை அங்கேதான். கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் அவர் குடும்பத்தாரின் கல்லறைகள். மகன் ஜோகன்னஸ், 1765இல் களக்காட்டுப் போரில் இறந்தவன், இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறான். இருபது வயது அளவில்.

அந்த இடத்தைவிட்டு எனக்கு நகர மனம் வரவில்லை. தேவசகாயம் 1752இல் சுடப்பட்ட பிறகும் டி லனாய் அதே அரசின் சேனையைத் தொடர்ந்து நடத்தினார். மார்த்தாண்ட வர்மா 1758இல் மறைந்தார். அடுத்த மன்னருக்கும் டி லனாய் ஊழியம் செய்தார். 1777இல் இறக்கும்வரை இந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. தன்னிடம் கதை கேட்ட மனிதன் தன் எஜமானரின் ஆணையால் கொல்லப்பட்டதை நெஞ்சில் வைத்துக்கொண்டு 25 ஆண்டுகள். அதன் நடுவில் மகன் சாவு. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒருகாலத்தில் இன்னொருவருக்கு ஆறுதலாகச் சொன்ன யோபுவை, மகனைப் புதைத்த ஆண்டில் அவர் தனக்காக எடுத்து வாசிக்க வேண்டியிருந்திருக்கும். புனிதர் பட்டியலில் டி லனாய்க்கு இடமில்லை. ஆனாலும் கிறிஸ்தவ வாழ்க்கை என்பது பெரும்பாலும் அவருடையதைப் போலத்தான் இருக்கிறது. ஒரு நல்ல நேரத்தில் சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டு, பிறகு பல்லாண்டு அதன் பாரத்தோடு வாழ்வது.

நீலகண்டனை அவர் வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் அனுப்பிவைத்தார். பரஞ்சோதிநாதர் என்பது அடிகளாரின் தமிழ்ப் பெயர். அந்த ஊர் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. குருவானவர் உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. என்ன துன்பம் வரக்கூடும் என்று எச்சரித்து, காத்திருக்க வைத்து, கற்பித்து, 1745 மே மாதம் கொடுத்தார். தேவசகாயம் ஆனவர் ஊர் திரும்பினார். நாலாண்டில் கைதானார்.

கோட்டையின் அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. எருமைமேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு, அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தடவி, அவரை ஊர் ஊராக இழுத்துப்போன வழியில் தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்றும், அவர் ஜெபித்துப் பாறையில் முட்டியால் இடித்தபோது நீர் சுரந்தது என்றும் சொல்கிறார்கள். சிறு குழி. அதில் தண்ணீர் கிடந்தது. அங்கிருந்த பாட்டி ஒருவர் கையில் கொஞ்சம் ஊற்றி, "குடி மக்ளே, எங்க வீட்ல எல்லாருக்கும் இதுதான் மருந்து" என்றார். குடித்தேன். பாறையில் நீர் எப்படி வந்தது என்று ஆராயும் எண்ணம் எனக்கு வரவில்லை. விலங்கு மாட்டிய மனிதனுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்கிற பகுதிதான் தொண்டையில் நின்றது.

நாகர்கோவிலில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்துக்குப் போனோம். காட்டில் எறியப்பட்ட அவருடைய எஞ்சிய உடலை மக்கள் தேடி எடுத்து இங்கே பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். நண்பர் நெடுநேரம் முழங்காலில் இருந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த விதத்தில் ஜெபித்தேன்.

கிழக்கே போகப் போகக் காற்று மாறுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாடிமலை அங்கேதான். 1752 ஜனவரி 14 இரவு அவரை இங்கே கொண்டுவந்து சுட்டார்கள். கடைசியாக ஜெபிக்க நேரம் கேட்டு முழங்காலிட்டதாகச் சொல்லும் பாறையில் பக்தர்கள் கை வைத்துக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார்கள். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் உண்மையிலேயே வெண்கல ஓசை கேட்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு அப்போது 39 வயது. கைதாகி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். பெருவிளையில் வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்திருந்தார்கள். அங்கும் மக்கள் அவரைத் தேடிப் போனார்கள். உயர்ந்த குடி என்று சொல்லிக்கொண்ட வீட்டில் பிறந்தவர், ஞானஸ்நானத்துக்குப் பிறகு எல்லாச் சாதிக்காரரோடும் கலந்து உட்கார்ந்தார், உண்டார். அரண்மனை வட்டத்தின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நண்பர் அழுத்திச் சொன்னார். புனிதர் பட்டத்தின்போது வத்திக்கான் அவருடைய பெயரிலிருந்து சாதிப் பெயரை நீக்கியது சரி என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே மனம்.

கணவாயைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர் எல்லை முடிகிறது. பனைகளும் செம்மண்ணும் தொடங்கும். வடக்கன்குளம் இப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற இந்த ஊரில், அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1872இல் கட்டிய ஆலயத்தை இரண்டாகப் பிரித்தே கட்டினார்கள். வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், ஒருவரை ஒருவர் பார்க்காதபடி நடுவில் சுவர், இரு பிரிவும் சேருமிடத்தில் பீடம். இரண்டு பக்கமும் ஒரே யோபுவை, ஒரே சிலுவைப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். இதை எழுதும்போதே எனக்கு மனம் கசக்கிறது, ஏனென்றால் எங்கள் சபைகளின் கல்லறைத் தோட்டங்களிலும் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற, தெரியாத சுவர்கள் உண்டு.

1910இல் காசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது; சுவர் திரும்ப எழவில்லை. அதுவும் இந்தப் புனிதரின் கதையில் சேர வேண்டிய அத்தியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு மனிதருக்குக் கிடைத்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஊருக்கு 165 ஆண்டுகள் பிடித்தன.

இதே ஊரில் அவருடைய மனைவியின் கல்லறை இருக்கிறது. பார்கவி அம்மாள். கணவர் மனம் மாறியபோது, வறுமை வந்துவிடுமோ என்று முதலில் தயங்கினாராம். பிறகு அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். மாடுகள் செத்தது அவருக்கும்தான். நிலமும் வீடும் மானமும் போனது அவருக்கும்தான். யோபுவின் மனைவிக்கு அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பேச்சு உண்டு, கடவுளைத் தூற்றிவிட்டுச் செத்துப்போ என்று. அதற்காக எத்தனை பிரசங்கங்களில் அவரை ஏசியிருக்கிறோம்! பத்துப் பிள்ளைகளைப் பெற்று ஒரே நாளில் பறிகொடுத்தவர் அவர். முடிவில் யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிற இடத்திலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஞானப்பூ அம்மாளுக்கு இழந்தது எதுவும் திரும்பி வரவில்லை. காற்றாடிமலைக்குப் பிறகு அவர் இந்த ஊருக்கு வந்து, தம் ஆயுசின் எஞ்சிய ஆண்டுகளை அந்த விசுவாசத்திலேயே இங்கே வாழ்ந்து முடித்தார். ஜனவரி 14 அன்று காற்றாடிமலைக்குப் போகிறவர்கள், ஒரு நடை வடக்கன்குளத்துக்கும் வந்து போக வேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன். அடுத்த வருஷம் தம் பங்கிலிருந்து ஒரு பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிவருவதாக அவர் சொல்லியிருக்கிறார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.